நல்ல தாளைத் தொடவே பயமா? வாட்டர்கலர் போடுகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வாட்டர்கலரில் ஒரு படம் கெடுவதற்கு அரை நிமிடம் போதும். மூன்று மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்ட படமாக இருக்கும், கடைசியில் "இந்த மூலை இன்னும் கொஞ்சம் இருட்டாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று பாதி காய்ந்த இடத்தில் பிரஷ்ஷை வைப்போம், அவ்வளவுதான், காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூத்து நிற்கும். எண்ணெய் வண்ணக்காரர் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார், அக்ரிலிக்காரர் காயவைத்து மேலே மறைத்துவிடுவார். நமக்குத் தாளின் வெள்ளைதான் வெளிச்சம். அது போனால் பெரும்பாலும் போனதுதான்.

இதனால் வரும் எரிச்சல், பயம், "எனக்கு இது வராது" என்ற எண்ணம் எல்லாம் உண்மையானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் நான் கவனித்தது, அந்த மனக்கஷ்டத்தில் பாதிக்கு மேல் தாள், ஈரம், நேரம், பணம் இவற்றில் இருக்கும் சிக்கல்தான். அதனால் மனதைத் தேற்றிக்கொள்ள உட்காருவதற்கு முன்னால் மேசையைக் கொஞ்சம் சரிசெய்து பாருங்கள்.

கெடப்போகும் தாளுக்கும் கணக்கு வையுங்கள்

"முதலில் மலிவான தாளில் பழகு, கை வந்தபிறகு நல்ல தாளுக்குப் போ" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மரக்கூழ்த் தாளும் முழுப் பருத்தித் தாளும் தண்ணீரை நடத்தும் விதமே வேறு. மலிவான தாளில் நீர் மேலேயே குளமாக நிற்கும், சீக்கிரம் திட்டுத்திட்டாகக் காயும், இரண்டாவது வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போட்டால் அடியில் இருப்பது கிளம்பி வந்துவிடும். அதில் ஆறு மாதம் பழகினால், அந்தத் தாளின் குறைகளைச் சமாளிக்கத்தான் பழகியிருப்பீர்கள். அப்புறம் நல்ல தாளை எடுக்கும்போது அது முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருக்கும், விலை வேறு நினைவில் இருக்கும், கை நடுங்காமல் என்ன செய்யும்?

நான் செய்வது இது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளில் முழு ஷீட்டாக வாங்குவேன், 56க்கு 76 செ.மீ. இருக்கும், அதை எட்டாகக் கிழித்துக்கொள்வேன். ஒவ்வொன்றும் 19க்கு 28 செ.மீ. வரும். கெட்டுப்போனதைத் திருப்பி, பின்பக்கத்தில் நிறம் கலந்து பார்ப்பதும் சின்னப் பயிற்சிகளும். மூன்றில் ஒன்று தேறினால் எனக்கு அது நல்ல மாதம். தேறாத இரண்டின் செலவு தேறிய ஒன்றின் விலைக்குள் போய்விடும். இதை ஒரு நோட்டில் எழுதிவைத்த நாளிலிருந்து ஒரு தாள் கெட்டால் எனக்கு இருந்த குற்ற உணர்ச்சி வெகுவாகக் குறைந்தது, ஏனென்றால் அது முன்பே கணக்கில் போட்ட செலவு.

இன்னொரு வழி, ஒரே படத்தை இரண்டு தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒன்று காய்கிற நேரத்தில் மற்றதில் வேலை செய்யலாம், அதனால் காத்திருக்க முடியாமல் ஈரத்தில் கைவைக்கும் புத்தி தானாக அடங்கும். முதலாவதில் செய்த தவறை இரண்டாவதில் தவிர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், "இது ஒன்றுதான் இருக்கிறது" என்கிற இறுக்கம் போய்விடும். பெரும்பாலும் நாம் அலட்சியமாகப் போட்ட இரண்டாவதுதான் நன்றாக வரும், எரிச்சலாகத்தான் இருக்கும்.

தாளைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். நல்ல தாள்களில் நீரை உடனே உறிஞ்சிவிடாமல் இருக்க ஜெலட்டின் மாதிரி ஒரு பசை சேர்த்திருப்பார்கள். ஈரக்காற்றில் நாள்பட வைத்திருந்தால் அந்தப் பசை கெட்டுவிடும், வண்ணம் மையொற்றும் தாளில் இறங்குவது போலப் புள்ளிபுள்ளியாக உள்ளே போகும். பார்வைக்குத் தாள் புதிது மாதிரியே இருக்கும். எனக்கு ஒருமுறை மூன்று வாரம் எந்த வாஷும் சரியாக வரவில்லை, கை போய்விட்டது, வயதாகிவிட்டது என்றெல்லாம் நினைத்து ராத்திரி தூங்காமல் கிடந்தேன். கடைசியில் பார்த்தால் அந்தக் கட்டு முழுக்க ஈரச்சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்திருக்கிறது. அதிலிருந்து வேலை ஆரம்பிக்கும் முன் ஓரத்தில் ஒரு சின்ன வாஷ் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரிலிருந்து தள்ளி, படுக்கையாக வையுங்கள்.

ஈரமாக இருக்கும்போது தீர்ப்பு சொல்லாதீர்கள்

ஈரத்தில் ஜொலிக்கும் நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறோம். நடுக்கட்டத்தில், இருட்டுப் பகுதிகள் வருவதற்கு முன்னால், எந்தப் படமும் அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மனம் சொல்வதைக் கேட்டு எதையாவது "சரிசெய்ய"ப் போவதால்தான் நிறையப் படங்கள் சாகின்றன.

தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் இன்னும் வண்ணம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் மட்டும் இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், இதுதான் ஆபத்தான கட்டம். தாளில் இருப்பதைவிட அதிக நீருள்ள பிரஷ் பட்டால் அந்த நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ஒதுக்கும், காலிஃபிளவர் வருவது அப்படித்தான். மினுக்கம் போனபிறகும் புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்தச் சில்லிப்பும் போனபிறகுதான் அடுத்த வாஷ். நடுவில் எழுந்து வெளியே ஒரு நடை போய் வாருங்கள், ஹேர் டிரையரைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்க மாஸ்கிங் திரவம் போட்டிருந்தால் டிரையர் வேண்டவே வேண்டாம், சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது தாளின் தோலையும் சேர்த்து எடுத்துவரும்.

எங்கே நிறுத்துவது என்பதைப் படம் போடும்போது முடிவுசெய்ய முடியாது, அப்போது நமக்கு நிதானம் இருக்காது. முன்பே பென்சிலில் தீப்பெட்டி அளவு ஒரு சின்ன வரைவு போட்டு, எது வெள்ளையாகவே நிற்க வேண்டும், எது மிக இருட்டு, பார்வை எங்கே போக வேண்டும் என்று குறித்துவிடுங்கள். அந்த மூன்றும் வந்துவிட்டால் பிரஷ்ஷைக் கழுவுங்கள். மிச்சம் இருக்கும் ஆசைகளை மறுநாள் காலையில், அட்டையில் வெட்டிய இரண்டு எல் வடிவத் துண்டுகளைச் சட்டம் மாதிரி வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பாதிப் படத்தை வெட்டினால் நன்றாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கெட்டதைக் காப்பாற்றவும் வழி உண்டு. அல்ட்ராமரைன் மாதிரி நிறங்கள் ஈரப் பிரஷ்ஷால் ஓரளவு எழும்பும், தேலோ நீலமும் தேலோ பச்சையும் தாளைப் பிடித்தால் விடாது, அவற்றைப் போடும்போதே யோசித்துப் போடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு பிளேடு நுனியால் சுரண்டினால் நீரின் மினுமினுப்பு கிடைக்கும். ஒளிபுகா வெள்ளை வைத்தால் அது "சுத்தமான" வாட்டர்கலர் இல்லை என்று முகம் சுளிப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆங்கில ஓவியர் டர்னர் தாளைச் சுரண்டியிருக்கிறார், அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் வெள்ளை கூவாஷும் (ஒளிபுகா நீர்வண்ணம்) மெழுகும் பயன்படுத்தியிருக்கிறார்.

"வெறும் பேப்பர்தானே"

விற்க ஆரம்பித்தால் இதைக் கேட்பீர்கள். கேன்வாஸ் என்றால் ஒரு விலை, பேப்பர் என்றால் அதில் பாதி என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இது பழைய வியாதி. லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியர் அமைப்பு தங்களை மதிக்கவில்லை என்று வாட்டர்கலர்காரர்கள் 1804-ல் தனியாக ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள், இன்றைய ராயல் வாட்டர்கலர் சொசைட்டி அதுதான். இன்னொரு பக்கம், உருவப்படத் தொழிலை 1907 வாக்கில் விட்ட சார்ஜென்ட்டின் 83 வாட்டர்கலர்களை 1909-ல் புரூக்ளின் மியூசியம் மொத்தமாக வாங்கியது. ஆகவே வாதம் பண்ணி நேரத்தை வீணாக்காமல் விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சொன்னபிறகு சும்மா இருப்பதுதான் கஷ்டம், பழக வேண்டும்.

விலையை மணிக்கணக்கில் போடாதீர்கள். நாற்பது நிமிடத்தில் அற்புதமாக வந்த படம் மலிவாகவும், இரண்டு நாள் திணறிய படம் விலை அதிகமாகவும் போய்விடும். பரப்பளவுக்கு ஒரு விகிதம் வைத்து, ஃபிரேம் செலவைத் தனியாகச் சேர்ப்பது எளிது, யாரும் கேட்டால் சொல்லவும் எளிது. கேலரிகள் விற்ற விலையில் பாதிவரை கமிஷனாக எடுத்துக்கொள்வது சாதாரணம், அதை முன்கூட்டியே விலைக்குள் வைத்துவிடுங்கள், வீட்டில் விற்றாலும் கேலரி விலைக்கே விற்க வேண்டும். கண்ணாடி, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), சட்டம் என்று ஃபிரேம் செலவு நம்மை முழுங்கிவிடும், அதனால் இரண்டே அளவுகளை முடிவுசெய்து அதற்குள் படம் போட்டால் விற்காத படத்தின் சட்டத்தை அடுத்த படத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆர்டர் எடுத்தால் பாதிப் பணம் முன்பணம், எழுத்தில் ஒப்பந்தம், ஆரம்பிக்கும் முன் சின்ன வண்ண வரைவைக் காட்டி ஒப்புதல். முடிந்தபிறகு மாற்றம் என்றால் புதிதாகப் போடுவதுதான் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் முடிந்த படத்தைப் பார்த்து, "எல்லாம் சரி, அந்த மரத்தை மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிவிடுங்களேன்" என்றார். தள்ளினேன், முழுப் படத்தையும் மறுபடி போட்டு, கூலி இல்லாமல்.

நிறம் மங்குவதும் நம் பொறுப்பில்தான் வரும். டியூபின் முன்பக்கம் இருக்கும் அழகான பெயரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிஆர் 83 (PR83) என்று போட்டிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும். கண்ணைப் பறிக்கும் ஓப்பரா பிங்க்கும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் ஒரு பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள், மங்கியவற்றை ஒதுக்கினால் உங்கள் பேலட்டில் நிறங்கள் பாதியாகிவிடும், பரவாயில்லை. எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய கேலரிக்கு ஹென்றி வான் என்பவரின் உயில்படி 38 டர்னர் வாட்டர்கலர்கள் வந்தன, வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரியில் மட்டும்தான் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவ்வளவு கெடுபிடி நமக்கு வேண்டாம், நேர் வெயிலில் மாட்டாதீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொன்னால் போதும்.

வராத நாட்கள்

வீடியோக்களில் எல்லோருக்கும் முதல் வாஷிலேயே வானம் வந்துவிடுகிறது. கெட்ட எட்டுத் தாள்களை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை. வேலை செய்யும் நாளில் அவற்றைப் பார்க்காதீர்கள். கை வராத நாளில் படம் போடக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், நிற அட்டவணை போடலாம், தாளைப் பலகையில் டேப் போட்டுத் தயாராக்கலாம், பேலட்டைக் கழுவலாம். நாளைக்கு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிக்கிற மாதிரி மேசை இருந்தால் பாதிச் சோம்பல் ஓடிவிடும்.

வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வகுப்பில் நாம் போடுவது எல்லாம் கண்டிப்பாக வரும் என்று தெரிந்த படங்கள், மாணவர் முன்னால் தோற்க முடியாதே. வருடக்கணக்கில் இப்படிப் போனால் சொந்தப் படங்களும் அதே பாதுகாப்பான பாதையில் போக ஆரம்பித்துவிடும், நமக்கே தெரியாது. வாரத்தில் ஒரு நாளாவது யாருக்கும் காட்டப்போவதில்லை என்று முடிவுசெய்து, வராது என்று தெரிந்த ஒன்றைப் போடுங்கள். இதே வேலை செய்யும் ஒரே ஒரு நண்பர் இருந்தால் வாரம் ஒருமுறை, நல்லது அல்ல, மோசமாக வந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். தனியாக அடைந்துகிடப்பதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை.

அப்புறம், பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், சில வண்ணங்களில் இருக்கும் காட்மியம், கோபால்ட் எல்லாம் உள்ளே போக வேண்டிய சாமான் இல்லை.

கெட்ட படத்தை அன்றைக்கே கிழிக்காதீர்கள். பெட்டியில் போட்டு ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், சிலது நன்றாகவே இருக்கும், அன்றைக்கு நாம் எதிர்பார்த்ததுதான் வேறு. உண்மையிலேயே தேறாதவற்றை நீளநீளமாக வெட்டிப் புத்தகத்துக்கு அடையாளம் வைக்கும் பட்டைகளாக்கி, கண்காட்சி மேசையின் ஓரத்தில் ஒரு டப்பாவில் வைப்பேன். வருகிறவர்கள் சுவரில் இருக்கும் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராக அந்த டப்பாவிடம்தான் வந்து நிற்பார்கள்.