அரிக்காத மினரல் மேக்கப்: டப்பாவின் பின்பக்கம் படித்து, வியர்க்க வைத்துச் சோதித்து வாங்குவது எப்படி

வியர்க்குருவுக்கும் அம்மைக் கொப்புளத்துக்கும் வீட்டில் பூசிவிடும் காலமைன் லோஷன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் முக்கியமாக இருப்பது ஜிங்க் ஆக்சைடு. அந்த இளஞ்சிவப்பு நிறம், கூடவே சேர்க்கும் சிறிதளவு இரும்பு ஆக்சைடால் வருகிறது. நல்ல மினரல் ஃபவுண்டேஷன் பவுடர் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதிலும் இதே இரண்டும் இருக்கும். கூடுதலாக டைட்டானியம் டைஆக்சைடும் மைக்காவும். மைக்கா என்றால் நம் ஊர் காக்காப்பொன். எதைப் பூசினாலும் சிவந்துவிடும் தோலுக்கு மினரல் பவுடரைப் பரிந்துரைப்பது இதனால்தான். நானும் இதை நம்பித்தான் வாங்கினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் முதல் டப்பாவில் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்குப் போக வேண்டும்.

மதுரையில் தங்கை கல்யாணம், வைகாசி முகூர்த்தம். அதற்காக மார்கழியிலேயே ஒரு மினரல் பவுடர் வாங்கி, கையில் ஒரு நாள் பூசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. டப்பாவின் முன்பக்கத்தில் பாராபென் இல்லை, வாசனை இல்லை, நூறு சதவீதம் மினரல் என்றெல்லாம் இருந்தது. கல்யாண மண்டபத்தில் ஏசி இல்லை. தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கழுத்திலும் கன்னத்திலும் ஊசி குத்துவது மாதிரி அரிப்பு. பந்தி நடக்கும்போது பின்கட்டுக் குழாயடியில் நின்று முகம் கழுவினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். பட்டியலில் முதலில் இருந்தது பிஸ்மத் ஆக்சிகுளோரைடு.

முதலில்: எந்த வகை வாங்குவது

உலர்ந்த, அமுக்கப்படாத தூள் பவுடர் வாங்குங்கள். தண்ணீர் இல்லாத தூளில் கிருமி எளிதில் வளராது, அதனால் கெடாமல் காக்கும் ரசாயனமான பதப்படுத்தியைச் சேர்க்க வேண்டிய தேவை குறைவு. தோல் ஒவ்வாமையில் நிறமிகளைவிட அதிகம் மாட்டுவது வாசனைப் பொருள்களும் பதப்படுத்திகளும்தான். 'மினரல் லிக்விட் ஃபவுண்டேஷன்' என்று விற்பதில் தண்ணீர், எண்ணெய், பதப்படுத்தி எல்லாம் இருக்கும். மினரல் என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது. கொஞ்சம் மைக்கா சேர்த்துவிட்டு அப்படி எழுதிக்கொள்ளலாம். ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற பொருளில் போடும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள், 1977இல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஆகவே முன்பக்கத்தைப் படிக்க நேரம் செலவழிக்காதீர்கள்.

பின்பக்கத்தைப் படிப்பது

இந்தியாவில் அழகுசாதன விதிகள், 2020இன் படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள மூலப்பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ இருப்பவை எந்த வரிசையிலும் வரலாம். ஒரு சிக்கல் உண்டு: 30 கிராமுக்குக் குறைவான பொட்டலத்துக்கு இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. மினரல் பவுடர் டப்பாக்களோ பெரும்பாலும் பத்து கிராமுக்குள்தான் வரும். அதனால் டப்பாவில் இல்லையென்றால் வெளி அட்டைப்பெட்டியைப் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். எங்கேயும் முழுப் பட்டியல் கிடைக்காத பொருளை நான் வாங்குவதில்லை. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

எழுத்து கடுகு அளவில் இருக்கும். செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பெயர்கள் பயமுறுத்தினால் நிறமி எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'சிஐ' என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் ஐந்து இலக்க எண் அது. எந்த நாட்டுப் பொருளானாலும் ஒரே எண்தான். நான் மனப்பாடமாக வைத்திருப்பவை இவை:

77891 டைட்டானியம் டைஆக்சைடு. 77947 ஜிங்க் ஆக்சைடு. 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு ஆக்சைடு. முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நம் தோலுக்கேற்ற பவுடர் நிறங்கள் எல்லாம் இந்த மூன்றின் கலவையில்தான் வருகின்றன. 77019 மைக்கா.

77163 பிஸ்மத் ஆக்சிகுளோரைடு. 75470 கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, பிளஷ்ஷிலும் லிப்ஸ்டிக்கிலும் வரும், சிலருக்கு ஒவ்வாமை தரும்.

பிஸ்மத் ஆக்சிகுளோரைடு விஷம் இல்லை. நிறையப் பேர் எந்தத் தொல்லையும் இல்லாமல் பூசுகிறார்கள். முத்து மாதிரி ஒரு பளபளப்பும், தோலில் வழுக்கிக்கொண்டு படியும் தன்மையும் அதற்கு உண்டு, அதற்காகத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் வெயிலிலும் வியர்வையிலும் அரிப்பு எடுக்கிறது என்று புகார் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது நிறமியாகவும் கணக்கில் வருவதால் பட்டியலின் கடைசியில், நிறமிகளோடு நிறமியாக நின்றிருக்கும். கூட்டல் கழித்தல் குறி போட்டு 'இருக்கலாம்' என்ற தலைப்பில் ஒரு வரிசை வரும், பார்த்திருப்பீர்கள். எல்லா ஷேடுகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் அச்சடிப்பதற்காக அப்படிப் போடுகிறார்கள். உங்கள் ஷேடில் அது இருக்கிறதா இல்லையா என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. உணர்திறன் உள்ள தோல் என்றால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூளைத் தவிர மற்ற பொருள்களில், அதாவது அடியில் பூசும் க்ரீம், முகம் துடைக்கும் ஈரத்தாள் போன்றவற்றில், நான் முதலில் தேடுவது இரண்டு. ஒன்று, மெத்தில்ஐசோதையசோலினோன். இந்தப் பதப்படுத்தியால் ஒவ்வாமை பரவலாக வந்ததால், கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அடுத்தது வாசனை. 'பர்ஃப்யூம்' என்று ஒரே சொல்லில் இருக்கும், அல்லது லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால், யூஜினால் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். லாவெண்டர் எண்ணெய் இயற்கைதான், அதற்குள்ளும் லினலூல் இருக்கிறது. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. 'ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தேடுங்கள்.

பெயருக்கு அர்த்தம் தேட இன்சிடீகோடர் தளம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பொருளும் என்ன வேலைக்குச் சேர்க்கப்படுகிறது என்று சொல்லும். சிவப்பு, பச்சை என்று மதிப்பெண் போடும் செயலிகளை நான் நீக்கிவிட்டேன். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்ற அளவு அவற்றுக்குத் தெரியாது, என் தோலும் தெரியாது. அவற்றைவிட ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் மேல். இடது பக்கம் ஒத்துக்கொண்ட பொருள்களின் முழுப் பட்டியலையும், வலது பக்கம் அரித்தவற்றின் பட்டியலையும் எழுதுங்கள். வலது பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்து, இடது பக்கத்தில் வராத பெயர் எதுவோ, அதுதான் முதல் சந்தேகம்.

சோதனை: நான் தவறவிட்ட படி

ஒரு நாள் கையில் பூசிப் பார்த்ததை நான் சோதனை என்று நினைத்திருந்தேன். அதில் இரண்டு தவறுகள்.

முதலாவது, நாள் போதாது. எரிச்சல் பெரும்பாலும் உடனே தெரியும். ஒவ்வாமை அப்படியில்லை, பட்ட பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து மெதுவாகத் தடிக்கும். புதிதாக ஒவ்வாமை உருவாவதற்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். அதனால் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரே இடத்தில் பூசுங்கள். குறைந்தது ஏழு நாள். பத்து, பதினான்கு நாள் முடிந்தால் இன்னும் நல்லது. இடையில் சிவந்தால், சிறு கொப்புளம் வந்தால் அப்போதே நிறுத்திக் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது தவறு பெரியது. மார்கழிக் குளிரில், ராத்திரியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சோதித்தேன். பூசப்போவதோ வைகாசி வெயிலில். எந்த நிலைமையில் பூசப்போகிறோமோ அந்த நிலைமையில் சோதிக்க வேண்டும். முழங்கையில் ஒரு வாரம் தாண்டிவிட்டால், எட்டாம் நாள் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில், கழுத்து வரை இறக்கிப் பூசிக்கொண்டு சாயங்காலம் நாலு மணி வெயிலில் அரை மணி நேரம் நடங்கள். அல்லது அடுப்படியில் நின்று சமைத்து முடியுங்கள். நன்றாக வியர்க்க வேண்டும், வியர்வையைத் துடைக்கக் கூடாது. இதை மூன்று நாள் செய்யுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதே பழைய பவுடரை இப்படி நடந்து பார்த்தேன். இருபது நிமிடத்தில் அரிப்பு வந்துவிட்டது. பிஸ்மத் இல்லாத, ஆறே பொருள் கொண்ட வேறொரு பவுடரைப் பூசி அதே தெருவில் மூன்று நாள் நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் இன்றுவரை பூசுகிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். பவுடர், பிரைமர், பிரஷ் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது அரித்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஏற்கெனவே உதடோ இமையோ வீங்கிய அனுபவமோ மூச்சுத்திணறலோ இருந்தவர்கள் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். தோல் மருத்துவரைப் பாருங்கள், தேவையென்றால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். போகும்போது நீங்கள் பூசும் டப்பாக்கள் அத்தனையையும் எடுத்துப் போங்கள்.

பூசும் முறை

முகம் கழுவி, ஒத்துக்கொண்ட மாய்ஸ்சரைசரைப் பூசி, பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பூசினால் திட்டுத் திட்டாகும். மூடியில் ஒரு சிட்டிகை தூளைத் தட்டி, பிரஷ்ஷை அதில் சுழற்றி, ஓரத்தில் தட்டி உதிர்த்துவிட்டு முகத்தில் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். தூளை ஊதவோ பறக்கவிடவோ வேண்டாம், மூச்சில் போகக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் அமுக்கிய பவுடரே நல்லது.

ஷேடு பற்றி ஒன்று. டைட்டானியமும் ஜிங்க்கும் வெள்ளை. நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். மாதிரிப் பொட்டலம் வாங்கி, தாடையில் பூசி, அரை மணி நேரம் கழித்து வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கை நம்பாதீர்கள். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறப் பவுடரால் கூடுதல் நன்மை உண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும். அதற்காக சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புக்குத் தேவையான கனத்தில் யாரும் பவுடரைப் பூசுவதில்லை.

பிரஷ் செயற்கை முடியில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை கழுவுங்கள். ரப்பர் ஸ்பாஞ்ச் வேண்டாம், ரப்பரில் உள்ள ரசாயனங்களே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

பின்னர் சேர்த்தது

எல்லாம் சரியாகச் செய்தும் அரிக்கிறது என்று ஒரு வாசகி எழுதினார். பட்டியலை அனுப்பச் சொன்னேன், ஐந்தே பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படிப் பூசுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் தெரிந்தது, பன்னீரில் குழைத்துப் பூசியிருக்கிறார். ரோஜாவில் இயல்பாகவே ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் இருக்கின்றன. கடைப் பன்னீரில் தனியாக வாசனையும் சேர்ப்பார்கள். குழைக்க வேண்டுமென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குழைத்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். டப்பாவுக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது.

இன்னொருவருக்கு நெற்றி நடுவில் மட்டும் தடிப்பு, அப்புறம் அந்த இடமே வெளுக்கத் தொடங்கியது. அது மேக்கப்பால் இல்லாமல் இருக்கலாம். சில ஒட்டுப் பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல்ஃபீனால் தோலின் நிறத்தை அழிக்கக்கூடியது. வெளுப்பு தெரிந்தால் பொட்டை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவது, நிறையப் பேர் கேட்டது: முன்பு எது பூசினாலும் ஒன்றும் ஆகாது, இப்போது எல்லாம் எரிகிறது. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மருந்துக் கடையில் நீங்களே வாங்கிப் பூசும் சிவப்பழகு க்ரீம் ஏதாவது உண்டா என்று. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பின்பக்கத்தில் இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து, எதையும் தாங்காமல் போகும். திடீரென நிறுத்தினாலும் முகத்தில் கொப்புளம் கிளம்பும், ஆகவே நிறுத்துவதை மருத்துவர் வழியாகச் செய்யுங்கள். அதுவரை பவுடர் எதுவும் வேண்டாம். தோல் தேறி மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, முழங்கை மடிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.