‘பொருந்தும்’ என்ற பதிலை நம்பி ஏமாறாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிர் போடுவது வழக்கம். ஒளிந்திருக்கும் விதியைத் தேடும்போது நான் அந்த வயதில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். கூட்டல் பிழை, கேள்வியை அரைகுறையாகப் படிப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்றவற்றைத்தான் எழுதுகிறேன்.

தன் ஊகத்துக்குத் தோதானதை மட்டும் கேட்பது

2, 4, 6. இந்த மூன்றும் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்கள் வேறு மூன்று எண்கள் சொன்னால், பொருந்துமா என்று நான் சொல்வேன். விதி என்ன? பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட சோதனை இது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் போட்டேன். “8, 10, 12” என்றான். பொருந்தும். “20, 22, 24.” பொருந்தும். “100, 102, 104.” அதுவும் பொருந்தும். “இரண்டிரண்டாகக் கூடுது அண்ணா!” என்று எழுந்தே விட்டான். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் இருந்த அவன் தங்கை, “6, 4, 2?” என்றாள். பொருந்தாது. “1, 2, 50?” பொருந்தும். அவ்வளவுதான், பிடித்துவிட்டாள்: எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும்.

அண்ணன் கேட்ட மூன்றும் அவன் ஊகத்துக்கும் பொருந்தும், உண்மையான விதிக்கும் பொருந்தும். பிறகு எப்படி இரண்டையும் பிரித்தறிவது? வேசனின் சோதனையில் 29 பேரில் 6 பேர்தான் தவறான விதி எதையும் சொல்லாமல் நேராகச் சரியான விதிக்கு வந்தார்கள்.

இந்தத் தவறு எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லூரியில் ஒரு போட்டி. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் கோடுகளால் இணைக்க வேண்டும். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டக்கூடாது. வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, அப்புறம் 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு? என் கூட்டாளி, “வரைந்து எண்ணிடலாமே” என்று பென்சிலை எடுத்தான். “இரட்டிப்பாகுதே, எதுக்கு?” என்று தடுத்துவிட்டு 32 என்று எழுதினேன். விடை 31. நூலிழையில் தோற்றோம். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணியிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அதனால் விதி தோன்றிய உடனே, அது சரியென்றால் எது வரவே கூடாதோ, அதைக் கேட்டுப் பாருங்கள்.

எண் என்றாலே கணக்கு என்று நினைப்பது

1, 11, 21, 1211. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிடிபடாது. வாய்விட்டுப் படியுங்கள். 1 என்பது ‘ஓர் ஒன்று’, அதனால் 11. அது ‘இரண்டு ஒன்று’, அதனால் 21. அது ‘ஒரு இரண்டு, ஓர் ஒன்று’: 1211. அடுத்தது 111221. அதேபோல ஞா, தி, செ, பு, வி என்று கொடுத்தால் எழுத்துகளை எண்ணாதீர்கள், நாள்காட்டியைப் பாருங்கள்.

விதிவிலக்கு சேர்த்து ஒட்டுப்போடுவது

நீங்கள் ஊகித்த விதிக்கு ஓர் எண் பொருந்தாதபோது, ‘இது மட்டும் விதிவிலக்கு’ என்று ஒட்டுப்போடத் தோன்றும். இரண்டாவது ஒட்டு தேவைப்பட்டால் அந்த விதியைத் தூக்கிப் போடுங்கள்.

மனதிலேயே வைத்துக்கொள்வது

எழுதுங்கள். ‘பொருந்தாது’ என்று வந்தவற்றைத் தனி வரிசையில்.