பீஷ்மர் சொன்னதைப் பாரதி தலையில் கட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரிக் கடற்கரையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, பழைய இலக்கியத்தில் அரசு, நீதி பற்றி என்ன இருக்கிறது என்று படிக்கிறோம். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளும் உண்டு. இருபது வருஷத்துக்கு முன் நான் விழுந்த பள்ளத்திலேயே அவர்களும் விழுகிறார்கள். குறள் எண்ணை மாற்றிச் சொல்வது, சந்தி பிரிக்கத் திணறுவதெல்லாம் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். அதை விடுங்கள். தானாகச் சரியாகாத பள்ளங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

யார் பேச்சு என்று பார்க்காமல் எடுத்துவிடுவது

போன வாரம் ஒரு பெண், "பாரதியே 'ஆடவருக்கு ஒப்பில்லை மாதர்'னு பாஞ்சாலி சபதத்துல எழுதியிருக்காரே அண்ணா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கல்லூரி நாளில் இதே வரியை வைத்து மேடையில் பாரதியைக் கிழி கிழியென்று கிழித்தவன் நான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அது யாரு பேசுறது?"

"பாரதி ஐயா."

"எழுதினது பாரதி. பேசுறது யாரு?"

நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பரிசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கிக் கல்லூரி மலருக்கும் கொடுத்திருந்தேன். அச்சாகிவிட்டது.

பேசுவது பீஷ்மர். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் நிகர், இப்போதைய நூல்களோ மனைவியை விற்கலாம் என்கின்றன என்று சொல்லி, தீங்கைத் தடுக்கும் திறம் தனக்கில்லை என்று தலைகவிழ்கிறார். சாத்திரம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் நிற்க, நடுவில் நல்ல மனிதர் ஒருவர் கையைப் பிசைகிறார். "பேயரசு செய்தால், பிணந்தின்னும் சாத்திரங்கள்" என்று பாஞ்சாலி அடிப்பது அவரைத்தான். அவள் பதிலை விட்டுவிட்டு பீஷ்மரை மட்டும் கத்தரித்தால் காவியமே தலைகீழாகிவிடும்.

பாரதியின் சொந்தக் கோபம் வேண்டுமா? பாஞ்சாலியைத் தெருவில் இழுத்துப் போகும்போது வேடிக்கை பார்த்த ஊராரை "நெட்டை மரங்களென நின்று புலம்பினார்" என்கிறாரே, அங்கே பாருங்கள். 1908-இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்தவர். துச்சாதனனை விட அந்தக் கூட்டத்தின் மேல்தான் அவருக்கு எரிச்சல் என்று எனக்குப் படும். 1912-இல் வந்தது முதல் பாகம்தான். இந்தக் காட்சிகள் உள்ள இரண்டாம் பாகம் புத்தகமானபோது, 1924-இல், அவர் உயிரோடு இல்லை.

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவுக்கும் இதே கதி. 'வலியவனுக்கு ஆதாயமானதே நீதி' என்று அவர் சொன்னதாக அளப்பார்கள். அவருடைய 'குடியரசு' ஓர் உரையாடல் நூல்; அதன் முதல் பகுதியில் அதைச் சொல்பவர் திராசிமாக்கஸ் என்ற பாத்திரம். சாக்ரடீஸ் மெனக்கெடுவதே அதை உடைக்கத்தான்.

மாக்கியவெல்லியை வைத்து மிரட்டுவது

'முடிவு நல்லதென்றால் வழி எதுவானாலும் சரி' என்று இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி சொன்னதாக எடுத்துவிடுவார்கள். அந்த வாக்கியம் அவருடைய 'இளவரசன்' நூலில் அப்படியே எங்கும் இல்லை. தேடிவிட்டு வாருங்கள்.

யாதும் ஊரே

புறநானூற்றுப் பாட்டின் இந்த முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மீதி 12 வரிகளும் இருக்கின்றன.

இன்றைய ஆட்களோடு பொருத்துவது

நானும் செய்கிறேன். வேலோடு நின்று 'கொடு' என்னும் வழிப்பறிக்காரனைப் போன்றவன் கோலோடு நின்று கேட்கும் அரசன் என்கிறதே 552-ஆம் குறள், அதைப் படித்ததும் யார் முகம் வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். தேர்தல் நேரத்தில் மட்டும் கேட்பதில்லை.