முயல் கூண்டு கட்டும்போது பக்கவாட்டு வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கதவுக்குக் கொக்கி வேண்டும், வெட்டிய கம்பி முனை உள்பக்கம் நீட்டக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் காட்டும் இனப்பெருக்கக் கூண்டுகளில், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள் அச்சு அசலாக இருக்கின்றன.

பக்கவாட்டு வலை

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தரைக்கு எல்லோரும் அரை அங்குலத்துக்கு ஓரங்குலம் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைச் சரியாக வாங்கிவிடுகிறார்கள். பக்கத்துக்கு வரும்போது மட்டும் சிக்கனம் வந்துவிடும், ஓரங்குலத்துக்கு இரண்டங்குல வலையைச் சுற்றிவிடுவார்கள். கேட்டால், இதில் முயல் எப்படி வெளியே போகும் என்பார்கள். பெரிய முயல் போகாது, சரி. பிறந்த குட்டி?

தாய் முயல் ஒரு நாளில் ஒன்றிரண்டு முறைதான், அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். முடித்ததும் சட்டென்று, குட்டிகள் கிடக்கும் ஈனும் பெட்டியை விட்டுத் தாவும்போது காம்பை விடாத குட்டி ஒன்று தொங்கிக்கொண்டே வெளியே வந்து விழும். பூனை மாதிரி கவ்வித் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே விடுகிற பழக்கம் முயலுக்குக் கிடையாது. கண் திறக்காத, முடியில்லாத அந்தக் குட்டி சூடு தேடி ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போகும், வலைக்கண் வழியே கீழே விழும், குளிரில் விறைத்துவிடும்.

தெரிந்தவர் ஒருவருக்கு ஈற்றுக்கு ஈற்று குட்டி குறைந்துகொண்டே வந்தது. முதலில் எலி என்றார், அப்புறம் பாம்பு என்றார், கடைசியில் தாயே தின்கிறது என்று முடிவுகட்டி அருமையான பெண் முயலை விற்றும் விட்டார். வாங்கியவரிடம் அது ஒழுங்காகக் குட்டி வளர்த்தது. இவர் கூண்டிலோ அடுத்த முயல் ஈன்றதும் புழுக்கைக் குவியலில் குட்டிகள் கிடந்தன.

சுற்றிலும் அடியிலிருந்து குறைந்தது நாலு அங்குல உயரத்துக்கு அரை அங்குலக் கண் வலையைக் கூடுதலாக வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். தரையும் பக்கமும் சேரும் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இடைவெளி விட்டிருப்பார்கள்.

ஈனும் பெட்டி

வாசல் விளிம்பு சுமார் ஆறு அங்குலம் உயரமாக இருந்தால் காம்பில் தொங்கும் குட்டி அதில் பட்டு உள்ளேயே விழ வாய்ப்புண்டு. தாராளமாக இருக்கட்டுமே என்று பெட்டியைப் பெரிதாகச் செய்யாதீர்கள். குட்டிகள் சிதறிக் குளிரில் கிடக்கும், தாயும் அதைக் கழிப்பிடம் ஆக்கிவிடும். நடுத்தர இனத்துக்கு 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம் போதும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள் என்பதால் 28ஆம் நாள் வைத்தால் சரியாக இருக்கும், ரொம்ப முன்னாடியே வைத்தால் அசுத்தமாக்கிவிடும்.

தரைக்குக் கோழி வலை

வேண்டாம். காலை அறுக்கும்.

மரச்சட்டம்

உள்பக்கம் மரம் தெரிந்தால் கொறிக்கும். அது போகட்டும், சிறுநீர் ஊறிய மரத்தை எத்தனை கழுவினாலும் அம்மோனியா நெடி போகாது, அந்த நெடியில்தான் மூச்சுக் கோளாறு தொடங்குகிறது. சட்டத்தை வெளியே வைத்து வலையை உள்ளே அடியுங்கள்.

ஒரே கூண்டில் ஜோடி

கூடாது. ஈன்ற கொஞ்ச நேரத்திலேயே பெண் மறுபடி சினை பிடித்துவிடும். ஆணுக்குத் தனிக் கூண்டு கட்டி, இணை சேர்க்கப் பெண்ணை அங்கே கொண்டுபோங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் தன் இடத்துக்குள் வந்துவிட்டான் என்று கடித்துக் குதறிவிடும்.