சோற்றைத் தொட மறுக்கும் தளபதி: மறுபிறவிக் கதைகளில் காயத்தையும் நம்பிக்கையையும் எழுதுவது எப்படி

முற்பிறவி நினைவோடு ஒருவன் மறுபடி குழந்தையாகப் பிறக்கும் மறுபிறவிக் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு கொடூர மரணத்தைக் காட்டிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்திலேயே ஐந்து வயதுச் சிறுவனின் வாயில் நாற்பது வயதுக்காரனின் வசனத்தை வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்த மரணம், பழிவாங்கும் படலம் வரும்வரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் அந்தப் பழைய மரணம் இன்றைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் எப்படிக் குலைக்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் வாசகர் அதை நம்பத் தொடங்குகிறார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வேற்றுலகம் ஒன்றின் தளபதி, வெற்றி விருந்தில் சொந்த அண்ணன் கையால் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறான். கண் விழிக்கும்போது பெரம்பூரில் ஒரு ரயில்வே ஊழியரின் வீட்டில், ஆயாவின் (பாட்டியின்) மடியில் வளரும் குழந்தையாக இருக்கிறான். அவனை எழுதத் தொடங்கும் முன் நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது, எதை மனம் சுமக்கிறது, எதை உடல் சுமக்கிறது என்பதை. நினைவுகள் பெரியவனுடையவையாக இருக்கலாம். ஆனால் உணர்ச்சியை அடக்கும் திறன் அந்தச் சிறிய மூளைக்கு உரியதாகவே இருக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. ஆகவே, போர் வியூகம் வகுத்த அதே ஆள், மதியம் தூங்கவில்லை என்றால் மாலையில் பென்சில் முனை உடைந்ததற்கு விம்மி விம்மி அழுவான். அழுதுகொண்டே அதற்காக வெட்கமும் படுவான். அந்த வெட்கம் பெரியவனுடையது, அழுகை குழந்தையுடையது. இரண்டையும் ஒரே காட்சியில் வைக்க முடிந்தால் பாதிப் பாத்திரம் உருவாகிவிட்டது.

அடுத்ததாக, நினைவைவிட உடலை முந்தவிடுங்கள். இது நமக்குப் புதிய உத்தியும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத் தீவின் புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை அறிவதற்கு முன்பே, இளவரசன் உதயகுமரனை நோக்கி மணிமேகலையின் நெஞ்சு காரணம் தெரியாமல் செல்கிறது. அவனே முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. காயத்துக்கும் இதே வரிசைதான் பொருந்தும். நஞ்சுண்டு இறந்தவனுக்குத் தூண்டுகோலாக வர வேண்டியது, அண்ணனின் முகத்தைப் போன்ற முகம் என்கிற நாடகத்தனமான ஒற்றுமையைவிட, நாக்கில் படும் ஒரு கசப்பாக இருப்பது மேல். ஆயா வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வாயில் வைக்கும் அந்த நொடியில் அவன் கத்த மாட்டான்; கைகள் சில்லிட்டு, பார்வை எங்கோ நிலைத்து, மூச்சு மேலோடு நிற்கும். 'பழைய நினைவுகள் அலையலையாய் வந்தன' என்று அங்கே ஒரு வரி எழுதினால் காட்சி செத்துவிடும். ஆயா என்ன பார்க்கிறாள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

குழந்தைகளின் காயம் பேச்சில் வருவதைவிட விளையாட்டில்தான் அதிகம் வரும். 1976-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகளில் பெரும்பாலோரைத் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், நடந்ததையே மீண்டும் மீண்டும் நடிக்கும், சந்தோஷமே இல்லாத ஒருவகை விளையாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு நோயறிதல் கையேடு, ஆறு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகளைத் தனியாகவே வகுத்திருக்கிறது; அங்கும் இத்தகைய விளையாட்டுக்கு இடமுண்டு. நம் தளபதி சொப்புச் சாமானில் விருந்து வைப்பான். பொம்மைகள் வட்டமாக உட்காரும். ஒவ்வொரு முறையும் ஒரே பொம்மைதான் முதலில் சாயும். பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பொம்மையை எடுத்து நிமிர்த்தி வைத்தால், அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி சாய்த்துவிடுவான்.

மறுபுறம், எல்லா அறிகுறிகளையும் ஒருவன் தலையிலேயே கட்டாதீர்கள். பட்டாசுச் சத்தத்துக்கு அதிர்வதும், இருட்டுக்கு அஞ்சுவதும், தண்ணீரைக் கண்டு ஓடுவதும் ஒருசேர வந்தால் அது பாத்திரமாக இராது, பட்டியலாகிவிடும். நஞ்சில் இறந்தவன் தீபாவளிச் சத்தத்தை ரசிக்கலாம்; போர்க்களத்தில் வளர்ந்தவனுக்கு அது பழகிய ஓசைதானே. கொடுமையை அனுபவித்த எல்லோரும் உடைந்துபோவதில்லை என்பதும் உண்மை.

இனி நம்பிக்கை. இந்த வகைக் கதையில் நிஜமான கொடுமை எங்கே இருக்கிறது என்றால், துரோகத்தால் இறந்தவன் இப்போது பிறர் ஊட்டாமல் வாழவே முடியாத உடலில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கதவின் மேல்தாழ்ப்பாள் கைக்கு எட்டாது, அடுப்பைத் தொடக் கூடாது, வெளியே போகவும் ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். ஆகவே அவன் சோதிப்பான். தட்டில் வைத்த பருப்புச் சாதத்தை ஆயாவின் பக்கம் தள்ளி, "ஆயா, நீ துன்னு" என்பான். பேரனுக்கு எவ்வளவு பாசம் என்று அவள் பூரித்துப்போய் ஒரு வாய் சாப்பிடுவாள். அவள் விழுங்கும்வரை அவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்து, கொஞ்ச நேரம் எண்ணிவிட்டு, அதன் பிறகுதான் கையை வைப்பான். அவளுக்கு அன்பாகத் தெரிவதும் அவனுக்குக் காவலாக இருப்பதும் ஒரே செயல்தான். வாசகருக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

இப்படிப்பட்ட சோதனைகள் பல அத்தியாயங்களில் பரவியிருக்க வேண்டும். ஆயா லாரியின் முன்னால் பாய்ந்து அவனைக் காப்பாற்றினாள், அன்றே அவன் நம்பிவிட்டான் என்பது சோம்பேறித்தனமான எழுத்து. தளபதி உயிர்த்தியாகங்களை நிறையப் பார்த்தவன். அண்ணனே ஒருகாலத்தில் அவனுக்காக வாள்வெட்டு வாங்கியிருக்கலாம். அவனை அசைக்கக்கூடியது, சலிக்காமல் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒருத்திதான்: மூன்றரைக்கு வருகிறேன் என்றால் மூன்றரைக்குப் பள்ளி வாசலில் நிற்பவள், திட்டினாலும் சாப்பாட்டை நிறுத்தாதவள். பிறகு ஒருநாள், மழையில் சுரங்கப்பாதை மூழ்கி, அவள் வர நேரமாகிவிடட்டும். அன்றிரவு அவன் பழையபடி தட்டைத் தள்ளுவான். சம்பாதித்த நம்பிக்கை ஒரே மாலையில் பின்வாங்குவதும், அடுத்த முறை முன்பைவிடச் சற்று விரைவாகத் திரும்புவதும்தான் இயல்பு.

அழாத, அடம்பிடிக்காத குழந்தையைக் கண்டு சொந்தக்காரர்கள் சமர்த்து என்று மெச்சுவார்கள். எழுதுபவரும் அந்த மெச்சலில் விழுந்துவிடக் கூடாது. தாய் பிரிந்து திரும்பும்போது கைக்குழந்தைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் ஆராய்ந்தபோது, சில குழந்தைகள் தாயைக் கண்டும் காணாததுபோல் விளையாடிக்கொண்டிருந்தன. வெளியே அமைதியாகத் தெரிந்த அத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பு உயர்ந்திருந்ததைப் பின்வந்த ஆய்வு காட்டியது. உங்கள் தளபதியின் முதிர்ச்சிக்கு அடியிலும் அந்தத் துடிப்பு கேட்க வேண்டும்.

வீட்டார் தரப்பையும் மறந்துவிட வேண்டாம். இரவில் புரியாத மொழியில் பிதற்றும் பிள்ளைக்கு ஆயா மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவாள், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுவாள். அம்மா எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சீட்டு வாங்கிக் காத்திருப்பாள். இவர்களைக் கேலிப் பொருளாக்காமல் எழுதினால் பயம் இரண்டு பக்கமும் இருப்பது புரியும். இன்னொன்று, அவன் குழந்தை உடலில் இருக்கும்வரை காதல் என்ற பேச்சே கதைக்குள் வரக் கூடாது. உள்ளே இருப்பவனுக்கு நாற்பது வயது என்ற சமாதானம் இங்கே செல்லாது.

உண்மையைச் சொல்லும் காட்சியைத்தான் பலரும் ஆவலோடு எழுதுகிறார்கள், அதிலேயே சறுக்குகிறார்கள். பூரணமான வாக்குமூலம் வேண்டாம். கொடுமைக்கு ஆளான குழந்தைகள் துண்டுதுண்டாகச் சொல்வதும், கேட்பவரின் முகம் மாறினால் சொன்னதை மறுப்பதும் உண்டு. ஆயா பாத்திரம் துலக்கும்போது, அவள் முதுகைப் பார்த்தபடி, "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்" என்று அவன் சொல்லட்டும். அவள் திரும்பிப் பார்த்தால், "டிவில வந்துச்சு" என்று மழுப்பட்டும். அவள் மேற்கொண்டு துருவாமல் தேய்ப்பதைத் தொடர்ந்தால், அடுத்த துண்டை எந்த அத்தியாயத்தில் அவன் சொல்வான் என்று அப்போது நீங்கள் முடிவுசெய்துகொள்ளலாம்.