முட்டை ட்ரேயும் கருப்பட்டித் தண்ணியும்: எறும்பை வைத்து ஓர் இடக்குறிச் சோதனை

எங்கள் வளவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாலாம் வீட்டு ஆச்சி", "பம்படி வீட்டுச் சித்தி" என்றால் ஆள் தெரிந்துவிடும். மருந்துக்காக ரசாயனங்களைச் சலிக்கும் ஆய்வகத்திலும் இதே வழக்கம்தான். ஒரு பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழி. எதில் எதை ஊற்றினோம் என்பது நோட்டில் இருக்கும். ஒரு குழி நிறம் மாறினால், அது எந்த இடம் என்று பார்த்தாலே சரக்கின் பெயர் கிடைத்துவிடும்.

பிராணிகளும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் மூளைச் செல்களை ஜான் ஓ'கீஃப் 1971இல் அறிவித்தார். 2014இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாலைவன எறும்பு தன் எட்டுகளைக் கணக்கு வைக்கிறது. 2006இல் வெளியான சோதனையில் அதன் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள். பாவம், கூட்டைத் தாண்டிப் போய்த் தேடியது!

எறும்பு வருவது சரக்கைத் தேடியா, இடத்தைத் தேடியா? இரண்டையும் ஒரே தட்டில் பார்த்துவிடலாம்.

1. தட்டு. 30 முட்டை பிடிக்கும் பிளாஸ்டிக் ட்ரே இரண்டு. அட்டை ட்ரே வேண்டாம், ஊறிப்போகும். ஐந்து வரிசைக்கு அ, ஆ, இ, ஈ, உ. ஆறு பத்திக்கு 1 முதல் 6. நோட்டிலும் இதே கட்டம்.

2. சரக்கு. கருப்பட்டியைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வையுங்கள். 6 குழிக்கு வெறும் கருப்பட்டி, 4 குழிக்கு வெறும் தண்ணீர். மீதி 20 குழிக்குக் கருப்பட்டியோடு மஞ்சள், மிளகு, உப்பு, பெருங்காயம், வேப்பிலைச் சாறு என்று ஆளுக்கு நான்கு. வெறும் கருப்பட்டி இல்லாவிட்டால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. சோம்பலில் அதை விட்டுவிடாதீர்கள்.

3. இடம் பிரித்தல். நான் சறுக்கியது இங்கேதான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வரிசைக்கு ஒரு சரக்காக வைத்தேன். ட்ரேயை அங்கணத்து ஓரம் வைத்ததும் ஆச்சி வந்து, "என்னல, எறும்புக்குப் பந்தி வச்சிருக்கியா?" என்றாள். அரைமணி நேரத்தில் மஞ்சள் வரிசை முழுக்க எறும்பு. 'எறும்புக்கு மஞ்சள் பிடிக்கும்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். உண்மையில் மஞ்சள் வரிசை சுவர்ப் பொந்துக்கு மிக அருகில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே வெறும் கருப்பட்டி ஆறையும் விட்டு (அவற்றின் இடம் 6இல் வரும்), மீதி 24க்குத் துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி எடுங்கள். வந்த சீட்டு, வந்த குழி.

4. எண்ணுதல். 15, 30, 45 நிமிடத்தில் மேலிருந்து செல்போனில் படம். பிறகு நிதானமாகப் படத்தைப் பார்த்து எண்ணலாம். கடி எறும்பு என்றால் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

5. திருப்புதல். சோதனையின் உயிரே இதுதான். முதல் ட்ரேயை எடுத்துவிட்டு, அதே கட்டப்படி நிரப்பிய இரண்டாவது ட்ரேயை அதே தரையில் தலைமாற்றி வையுங்கள். உ6 இருந்த இடத்துக்கு அ1 வரும். கூட்டம் சரக்கின் பின்னால் போனால் அது ரசாயனத்தின் வேலை. பழைய தரையிலேயே மொய்த்தால் அது இடத்தின் வேலை: போட்டுவைத்த வாசனைத் தடமோ, நினைவோ, பொந்தின் அருகாமையோ. நான் திருப்பியபோது அவை மஞ்சளைத் தேடிப் போகவில்லை. பொந்தோரம் வந்து நின்ற மிளகில் ஏறின. அடிக்கோட்டை அழித்தேன். பிறகு தரையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, சீட்டையும் மறுபடி குலுக்கி மூன்றாவது முறை வைத்துப் பாருங்கள். தடத்தின் பங்கு எவ்வளவு என்று பிடிபடும்.

6. ஓரக் குழி. 96 குழித் தட்டில் ஓரத்தில் 36 குழி. அவற்றில் நீர் சீக்கிரம் ஆவியாவதால் கணக்கு பிசகும். பல ஆய்வகங்களில் அங்கே வெறும் நீர்தான் ஊற்றுவார்கள். நம் ட்ரேயில் 30இல் 18 ஓரம். அத்தனையையும் வீணாக்கக் கட்டாது. எறும்பு முதலில் ஏறுவதும் ஓரத்தில்தான். எனவே வெறும் கருப்பட்டிக் குழிகளை மட்டும் சீட்டில் சேர்க்காமல் மூன்றை ஓரத்திலும் மூன்றை நடுவிலும் நீங்களே வைத்துவிட்டு, மீதி 24க்குக் குலுக்குங்கள். ஓரச் சரக்கை ஓரக் கருப்பட்டியோடும், நடுச் சரக்கை நடுக் கருப்பட்டியோடும் ஒப்பிடுங்கள்.