பொதிகைக்கு வழி போணக்காடு பக்கம்தான்

அம்பாசமுத்திரத்தில் மொட்டைமாடியில் நின்றாலே மலை தெரியும். ஆனால் நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பொதிகையின் உச்சியான அகத்தியமலை ஏற முடியாது. காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம் என்று அப்பா காலத்தில் ஆட்கள் போன பாதை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இருக்கிற வழி கேரளத்தில், போணக்காடு. கேரள வனத்துறை ஜனவரியை ஒட்டி ஆன்லைனில் பதிவைத் திறக்கும். இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். பொங்கலுக்கு என்று லீவு போடுகிறவர்கள் பிப்ரவரி வரை கொஞ்சம் நீட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் என் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

"நம்ம மலைக்கு அங்க போயா சீட்டு வாங்கணும்? எனக்கு ஆள் இருக்குலே" என்றார். அப்புறம் தொடங்கியது இங்குள்ள வனத்துறை அலுவலகத்துக்கு அலைச்சல். கஞ்சி போட்ட வேட்டியில் அவர் முன்னால் போக, பின்னால் நான். ஐயா கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனால் மனுவில் இணைப்பு இல்லை, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து வாங்க. எடுத்து வந்தால் சாப்பாட்டு நேரம். வாசலில் இருந்த பியூனிடம்கூட "தம்பி மகன், கனடாவுல இருக்கான்" என்று அறிமுகம். அந்த மனிதர் மனுவை விட்டுவிட்டு, அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று விசாரித்தார். கடைசியில் ஓர் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இந்தப் பக்கம் யாருக்கும் கிடையாதுங்க" என்றார். இதை முதல் நாளே, அந்த பெஞ்சில் உட்கார வைக்காமலே சொல்லியிருக்கலாம்.

எனக்கு எரிச்சல்தான். ஆனால் அப்பா செத்தபோது நான் வந்து சேர்வதற்குள் காடாற்று முடிந்திருந்தது. அதிலிருந்து பெரியப்பா எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை.

இந்த அலைச்சலில், மலையேறக் காட்ட வேண்டிய மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. ஏறுவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் வாங்கியதுதான் செல்லும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்; இங்கே வந்து வாங்குங்கள். பதிவில் எந்த அடையாள அட்டையைக் காட்டினீர்களோ, அதன் அசல் கையில் இருக்கட்டும்.

நம் பக்கத்திலிருந்து செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக விதுரா போய்விடலாம். முந்தின ராத்திரி அங்கே தங்குவது நல்லது. போணக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசல்களில் கேட்பது தமிழ்தான். நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

முதல் நாள் ஆறுகளைக் கடந்து அதிருமலை முகாம் வரை நடை. கடைசி ஏற்றத்தில் முழங்கால் நெஞ்சில் முட்டும். மறுநாள்தான் 1,868 மீட்டர் உச்சி. அங்கே நடை முடிந்து கருங்கல் தொடங்குகிறது. வழவழப்பான பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மூட்டத்தில் நனைந்த கயிறு உள்ளங்கையில் வழுக்கும். கையுறை கொண்டுபோனவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மழை பிடித்தால் வழிகாட்டி திரும்பச் சொல்வார், மல்லுக்கு நிற்காதீர்கள். 2019 முதல் பெண்களும் போகிறார்கள். அத்தை, மதினி ஆசைப்பட்டால் அவர்களுக்கும் பதிவு செய்யுங்கள்.

பூசைப் பொருள் கொண்டுபோகக் கூடாது. பெரியப்பா கொடுத்தனுப்பிய சந்தனம், திருநீறு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய் எல்லாம் சோதனையில் நின்றுவிட்டன. பையின் அடியில் பழைய துண்டு ஒன்று மடித்திருந்தது. அப்பா மலைக்குக் கட்டிப்போனதாம். அதை மட்டும் விட்டார்கள். திரும்பி வந்ததும் "அகத்தியருக்கு எண்ணெய்க் காப்பு ஆச்சா?" என்றார். ஆச்சு பெரியப்பா என்றேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு மலை வேண்டுமென்றால் நம் பக்கத்து மலையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கார் வைத்துக் கூட்டிப்போங்கள். பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பறித்துக்கொள்வார்கள், அதனால் தேங்காய் பழத்தைத் துணிப்பையில் போடுங்கள். காலையிலேயே கிளம்பினால் அவர்கள் ஆற்றில் ஆற அமரக் குளித்து வர நேரம் இருக்கும்.